மார்க்கஸ் சாமுவேல்

மின்விளக்குப் பரவுமுன் கீழ்நாடுகளின் இல்லங்களில் இரவிருளை அகற்றியது மண்ணெண்ணெய். அதனைக் குறைந்த செலவிற் கடல்கடந்து கொணரும் வழி கண்டவர் மார்க்கஸ் சாமுவேல். சரக்கைக் கொண்டுசெல்லும் திறனும், அதனை வாங்கி வைக்கும் திறனும் வணிகத்திற்கு இரு கண்கள் போல்வன என்பதை இவர் வரலாறு விளக்குதலின், அதனை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுந்தோம்.

இவர் 1853-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 5-ஆம் நாள், இலண்டன் மாநகரில் யூதர் குடியிற் பிறந்தனர். தந்தையார் கிளிஞ்சல் பதித்த பெட்டிகள் முதலியன விற்றவர். அவருக்குப்பின் மார்க்கஸும் இளவலும் கீழ்நாட்டு வணிகத்தைப் பெருக்கினர்.

1890-ல் இவர் காக்கசஸ் சென்று உருசிய எண்ணெய் வணிகத்தை நேரிற் கண்டனர். அந்நாளிற் கீழ்நாடுகட்குச் சென்ற எண்ணெய், தகர டின்களில் அடைக்கப்பெற்று மரப்பெட்டிகளிற் கப்பலேறிற்று. பெட்டிகள் இடத்தை அடைத்தன, கூலியும் உயர்ந்தது. எண்ணெயைக் கப்பலின் தொட்டிகளிலேயே நிரப்பிச் சூயஸ் கால்வாய் வழியே அனுப்பின் செலவு மிகக் குறையுமென இவர் கணக்கிட்டனர். தீவிபத்தை அஞ்சி அத்தகைய கப்பல்களைக் கால்வாயினர் விலக்கியிருந்தமையால், அவர்கள் ஏற்கத்தக்க காவல்கள் அமைந்த முரெக்ஸ் என்னுங் கப்பலைக் கட்டுவித்தனர். அது 1892 ஆகஸ்டில், பாத்தூம் துறையின் எண்ணெயுடன் கால்வாயைக் கடந்தது. திரும்புங்கால் வெறுங்கப்பலாய் வாராது, தொட்டிகளை நீராவியாற் கழுவிக் கீழ்நாட்டுச் சரக்கை ஏற்றிவரவும் ஏற்பாடு செய்திருந்தனர். துறைமுகங்களிற் பெருந்தொட்டிகளையும் முன்னரே அமைத்தனர்.

ஆயினும் ஒன்றை இவர் எதிர்பார்த்திலர். காலி டின்னைக் கூரைக்கும் வாளிக்கும் பயன்படுத்திய மக்கள், டின்னின்றி வந்த எண்ணெயை விரும்பவில்லை. உடனே தகரத்தகடுகளை அனுப்பி, அவ்வவ்விடத்தே சிவந்த டின்கள் செய்து நிரப்பச் செய்தனர். வணிகம் ஓங்கிற்று. 1902-ன் இறுதிவரை கால்வாய் வழியே சென்ற எண்ணெயிற் பத்தில் ஒன்பது பங்கு இவர் குழுவினருடையதே. 1897-ல் ஷெல் கம்பெனியை நிறுவினர். தந்தையார் விற்ற கிளிஞ்சலே அதன் பெயராயிற்று.

கொண்டுசெல்வதில் இத்துணை வல்லவரான இவர், வாங்குவதில் இடறினர். 1901-ல் அமெரிக்காவின் டெக்ஸாஸில் ஸ்பிண்டில்டாப் என்னுமிடத்தில் எண்ணெய் பொங்கி எழுந்தது. அதனை நம்பி, நிலையான விலைக்கு 20 ஆண்டு ஒப்பந்தம் செய்து, புதுக்கப்பல்களையுங் கட்டுவித்தனர். அடுத்த ஆண்டிலேயே ஊற்று வற்றத் தொடங்கிற்று. எண்ணெய்க்கென அமைந்த கப்பல்களிற் சில, கால்நடை ஏற்றுங் கப்பல்களாக மாற்றப்பெற்றன! அவ்வாண்டிலேயே இவர் இலண்டன் நகரத் தலைவர் பதவி ஏற்றனர். பதவியின் பெருமை வளர, கம்பெனி தளர்ந்தது. 1907-ல் டச்சுக்காரரின் ராயல் டச்சுடன் இணைய நேர்ந்தது. அவர்க்கு 60 பங்கு, இவர்க்கு 40 பங்கு.

1925-ல் வைக்கவுண்ட் பட்டம் பெற்ற இவர், 1927 ஜனவரி 17-ஆம் நாள், மனைவியார் மறைந்த ஒரு நாளைக்குள் தாமும் மறைந்தனர்.

கால்வாயின் தடையையும், கீழ்நாட்டார் டின் விருப்பத்தையும் வென்ற இவர்தம் மதி, வற்றும் ஊற்றொன்றை வற்றாததாகக் கொண்டு மயங்கிற்று. செல்லும் வழி எத்துணைச் செவ்விதாயினும், ஏற்றுதற்குப் பொருளில்லையேற் கப்பலால் ஆவதென்? சென்றடையும் துறையை ஆய்ந்தறிவார், புறப்படும் துறையையும் அவ்வாறே ஆய்தல் வேண்டும். இவர் வாழ்வில் நாம் கற்கத்தக்கது இதுவேயாம்.