நீலகிரியில் மறைந்த கணித மேதை

கல்வராயன் மலையடிவாரத்தில், கோமுகி அணையை நம்பி வாழும் சிற்றூர் எங்களுடையது. அண்டை நிலத்தார் கரும்பும் மரவள்ளியும் வைத்துப் பணம் பார்க்க, என் தந்தையார் மட்டும் ஆண்டுதோறும் அரைக் காணியில் கம்பு விதைப்பார். மழைக்கு அஞ்சுபவர் என்று நான் அவரை எள்ளியதுண்டு. அந்த எள்ளல் பிழை என உணர்த்தியவர், கணிதப் பாடத்தில் நான் சந்தித்த ஆபிரகாம் வால்ட் என்னும் பேரறிஞர். அப்பெருமகனாரின் வாழ்வை இம்மலர் வாயிலாகத் தங்கள்முன் வைக்க விழைகிறேன்.

வால்ட் 1902ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள், அன்று ஆஸ்திரிய-ஹங்கேரிப் பேரரசிலும் இன்று ருமேனியாவிலும் உள்ள க்ளூஜ் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். சனிக்கிழமை அவர்களுக்கு ஓய்வுநாள். பள்ளியோ அன்றும் நடந்தது. எனவே வீட்டிலேயே குடும்பத்தாரிடம் பயின்றார். வியன்னாவில் கார்ல் மெங்கரிடம் ஆய்வு செய்து 1931இல் முனைவரானார். யூதர் என்பதால் அங்கே பல்கலைக்கழகப் பணி கிட்டவில்லை. 1938இல் ஹிட்லர் ஆஸ்திரியாவை விழுங்கவே, அமெரிக்கா சென்றார். பின்தங்கிய பெற்றோர் உள்ளிட்ட உறவினர் பலர் நாஜிகளால் கொல்லப்பட்டனர்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய அவர், இரண்டாம் உலகப் போரின்போது விமானங்களின் சேதத்தை ஆராய்ந்தார். திரும்பி வந்த விமானங்களில் குண்டுத் துளைகள் குறைவாக உள்ள இடமே பேராபத்தான இடமாக இருக்கலாம். ஏனெனில் அங்கே அடிபட்டவை திரும்பவே இல்லை! கண்ணுக்குத் தெரியாத இழப்பையும் கணக்கில் சேர்க்கும் இந்த நோக்கே அவரது தனிச்சிறப்பு எனலாம்.

நிச்சயமற்ற நிலையில் எவ்வாறு முடிவெடுப்பது என்பதே 1950இல் வெளியான அவரது பெருநூலின் பொருள். அவர் பெயரால் வழங்கும் விதி எளியது: ஒவ்வொரு வழியிலும் நேரக்கூடிய மிக மோசமான விளைவைப் பார்; அவற்றுள் மேலானதைத் தேர்ந்தெடு. நம் பாடநூல் இதனை மீச்சிறுவின் மீப்பெரு என்கிறது.

ஒரு கற்பனைக் கணக்கைக் காண்போம். நல்ல மழையில் கரும்பு 60,000 ரூபாய் ஆதாயம், மழை பொய்த்தால் 20,000 நட்டம். மரவள்ளிக்கு 40,000, 5,000 ஆதாயம். கம்புக்கு 15,000, 10,000 ஆதாயம் எனக் கொள்வோம். வால்ட் விதி கம்பைச் சொல்லும். நன்மையை மட்டும் நம்புபவர் கரும்பை நாடுவார். 1951இல் லியோனிட் ஹர்விக்ஸ் இவ்விரண்டுக்கும் பாலம் கட்டினார். நன்னம்பிக்கைக்கு 0 முதல் 1 வரை ஓர் எண் தந்தார். அவ்வெண் 0.5 ஆனால் கரும்பு 20,000, மரவள்ளி 22,500, கம்பு 12,500, மரவள்ளி வெல்கிறது.

ஆனால் வானம் நல்ல மழை, பொய்த்த மழை என இரண்டே நிலையில் நிற்பதில்லையே! அதற்கு லோட்ஃபி ஸாடே 1965இல் தந்த தெளிவற்ற கணம் உதவுகிறது. ஆதாயம், நீர், ஆள் எனப் பல அளவுகோல்களிலும் ஒரு பயிர் எவ்வளவு நிறைவளிக்கிறது என்பதை 0 முதல் 1 வரை குறிக்கலாம். 1970இல் பெல்மனும் ஸாடேயும் அவற்றுள் மிகக் குறைந்த மதிப்பையே கொள்ளச் சொன்னது, வால்டின் எச்சரிக்கையை ஒத்தது. 1988இல் யாகர் அம்மதிப்புகளை வரிசைப்படுத்தி எடையிட்டார். எடை கடைசிப் பக்கம் சாய்ந்தால் ஐயுறவு. முதற்பக்கம் சாய்ந்தால் நம்பிக்கை.

அந்த எடையை யார் தீர்மானிப்பது? இழப்பைத் தாங்கும் வலிமைதான் என்பது என் கருத்து. எனது கட்டணமும் தங்கையின் படிப்பும் அந்த நிலத்திலிருந்தே வருகின்றன. ஒரு பருவம் பொய்த்தால் இருவரில் ஒருவர் படிப்பு நிற்கும். அப்பாவின் அரைக் காணிக் கம்பு அச்சமன்று. எங்களுக்காக அவர் இட்ட எடை. ஆக்கமும் அழிவும் எண்ணிச் செய்க என்று தெரிந்து செயல்வகை அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகையும் இதனை ஏற்பார்.

ஆயினும், மோசமானதையே எண்ணி வாழ்வோர் எங்கும் பயணம் போகமாட்டார். விமானச் சேதங்களைக் கணக்கிட்ட வால்டே இந்தியாவில் விரிவுரையாற்ற வந்து, விமானத்திலேயே பயணம் செய்தார். 1950 டிசம்பர் 13ஆம் நாள், நமக்கு மேற்கே நீலகிரி மலையில் அவ்விமானம் மோதிற்று. 48 வயதில், மனைவியுடன் அம்மேதை மறைந்தார். அவர்தம் மக்கள் இருவர் அமெரிக்காவில் இருந்தனர்.

இவ்வாண்டு விதைப்புக்கு முன் அப்பாவின் அருகில் அமர்ந்து ஏட்டில் கட்டம் வரைந்தேன். கம்புக்கு அரைக் காணி ஒதுக்கிவிட்டு, மீதி நிலத்துக்கு மட்டும் கணக்குப் போடச் சொன்னார். இம்முறை நான் எள்ளவில்லை.