தக்கையில் பிறந்த மீன்

தூண்டில் முள்ளில் மண்புழுவைக் கோத்து மீன் பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். பொம்மை மீனைக் கட்டி நிஜ மீனைப் பிடிக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் பின்லாந்து நாட்டு மீனவர் லவுரி ராபலா.

இவர் 1905ம் ஆண்டு நவம்பர் 29ல் பிறந்தார். மிகவும் ஏழைக் குடும்பம். அம்மா மாரி வேறு ஊருக்குக் குடிபோனபோது, அந்த ஊர்ப் பாதிரியாருக்கு அவர்களுடைய குடும்பப் பெயர் மறந்துவிட்டதாம். முன்பு வசித்த கிராமத்தின் பெயரையே பதிவேட்டில் எழுதிவிட்டார். அந்தப் பெயர்தான் ராபலா. அதற்குச் 'சேறு' என்று பொருள்!

லவுரி வளர்ந்ததும் மரம் வெட்டினார்; பண்ணைகளில் கூலி வேலை செய்தார். கோடையில் பையான்னே என்ற பெரிய ஏரியில் மீன் பிடித்தார். நீளமான கயிற்றில் நூற்றுக்கணக்கான முட்கள் இருக்கும். ஒவ்வொன்றிலும் இரை கோக்க வேண்டும். பொழுதெல்லாம் அதிலேயே போய்விடும். மீன் கிடைக்காவிட்டால் வீட்டில் மனைவி எல்மாவும் பிள்ளைகளும் என்ன செய்வார்கள்?

ஆனாலும், படகில் இருந்தபடியே தண்ணீரை உற்றுக் கவனிப்பது அவர் வழக்கம். பெரிய மீன்கள் குஞ்சு மீன் கூட்டத்துக்குள் பாயும். அப்போது எந்தக் குஞ்சைக் கவ்வும் தெரியுமா? நேராக நீந்தும் குஞ்சை அல்ல. அடிபட்டதுபோல் தள்ளாடி நீந்தும் குஞ்சைத்தான்!

அப்படித் தள்ளாடும் ஒரு பொம்மை மீனைச் செய்தால் என்ன? இரை தேடி அலைய வேண்டாம். ஒரே பொம்மையைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தலாமே! செருப்புத் தைப்பவர்கள் வைத்திருக்கும் கத்தியால் தக்கையைச் செதுக்கினார். சாக்லெட் சுற்றி வரும் வெள்ளித்தாளை அதன் மேல் ஒட்டினார். பழைய புகைப்பட பிலிமை உருக்கி, தண்ணீர் புகாதபடி பூசினார். செதுக்குவதும் தண்ணீரில் இழுத்துப் பார்ப்பதும் மறுபடி செதுக்குவதுமாக உழைத்தார். 1936ல் அவர் நினைத்தபடியே பொம்மை மீன் தள்ளாடி நீந்தியது. பெரிய மீன்கள் ஏமாந்து கவ்வின!

புதுப் பொருள் என்றால் யாருக்கும் சந்தேகம் வருவது இயல்பு. லவுரி அதைப் பேசித் தீர்க்கவில்லை. அந்தப் பொம்மையை நம்பித் தானே ஏரிக்குப் போனார். படகு நிறைய மீனோடு திரும்பினார். அதைப் பார்த்த மற்ற மீனவர்கள் தாங்களாகவே தேடி வந்தார்கள்.

அவர் இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். தான் செய்த ஒவ்வொரு பொம்மையையும் தண்ணீரில் இழுத்துப் பார்த்த பிறகே விற்பார். அது ஒரு பக்கமாக ஓடினால், அதன் மூக்கில் உள்ள கம்பி வளையத்தை எதிர்ப்பக்கம் லேசாக வளைப்பார். அவ்வளவுதான், நேராக ஓடும்!

பிறகு பால்சா என்ற மிக லேசான மரத்தில் அவற்றைச் செய்தார். மகன்களும் கூட உழைத்தார்கள். 1952ல் ஹெல்சிங்கியில் ஒலிம்பிக் போட்டி நடந்தது. அந்தச் சமயத்தில் வெளிநாட்டவர் கைக்கும் ராபலா மீன்கள் போயின. 1962ல் அமெரிக்காவின் 'லைஃப்' பத்திரிகையில் கட்டுரை வந்ததும், செய்து கொடுக்க முடியாத அளவுக்கு ஆர்டர்கள் குவிந்தன. லவுரி 1974ல் காலமானார். ஆனால், 'சேறு' என்ற பொருள் கொண்ட அவருடைய பெயர் உலகம் முழுவதும் பரவிவிட்டது.

குழந்தைகளே! பழக்கமில்லாத தூண்டில் இரை கையில் கிடைத்தால், இது உதவாது என்று தூக்கிப் போடாதீர்கள். கண்ணை மூடிக்கொண்டு நம்பவும் வேண்டாம். முதலில் கரையோரத் தண்ணீரில் மெதுவாக இழுத்து, எப்படி நீந்துகிறது என்று பாருங்கள். ஒரு பக்கமாக இழுத்தால் சரிசெய்து, மறுபடி விட்டுப் பாருங்கள். அது எப்படி ஓடும் என்பது தெரிந்துவிட்டால், நம்பிக்கை தானாக வந்துவிடும். புது சைக்கிளானாலும் புதுக் கணக்கானாலும் இதே வழிதான்!