கண்ணீருடன் வரைந்த சித்திரம்

1858-ஆம் ஆண்டு. ஜப்பானின் எடோ நகரத்தில், அதாவது இன்றைய டோக்கியோவில், காலரா நோய் கோரத் தாண்டவம் ஆடிக்கொண்டிருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 12-ஆம் தேதி ஹிரோஷிகே என்ற ஓவியர் காலமானார். விரைவிலேயே அவருடைய உருவம் பொறித்த படம் ஒன்று அச்சாகி விற்பனைக்கு வந்தது. மொட்டைத் தலையுடன், அங்கி அணிந்து, அமைதியே உருவாக அமர்ந்திருந்தார் ஹிரோஷிகே. ஊர் ஊராக இயற்கை எழிலைத் தீட்டியவரை மற்றோர் ஓவியர் தீட்டியிருந்தார்!

தீயணைப்போர் மகன்

ஹிரோஷிகே பிறந்தது 1797-இல். தந்தை அரசாங்கத்தின் தீயணைக்கும் படையில் அதிகாரி. எடோ நகரத்து வீடுகளோ மரவீடுகள். தீ விபத்துக்குக் குறைவில்லை. 1809-இல் தாய் இறந்தாள். தந்தை தம் உத்தியோகத்தை மகன் பெயருக்கு மாற்றிவிட்டு, அதே ஆண்டில் தாமும் கண்ணை மூடினார். அப்போது சிறுவனுக்கு வயது 12.

உத்தியோகம் இருந்தது, ஆனால் மனம் தூரிகையை நாடியது. புகழ் பெற்ற டோயோகுனியிடம் சீடனாகச் சேர முயன்று இடம் கிடைக்கவில்லை என்பார்கள். பிறகு டோயோஹிரோ என்பவர் ஏற்றுக்கொண்டார். ஆசிரியர் பெயரின் பிற்பாதியான ‘ஹிரோ’வை முன்னே வைத்து, 1812-இல் சீடனுக்கு ஹிரோஷிகே என்ற பெயர் கிடைத்தது.

அவருடைய கலை மரக்கட்டை அச்சுக் கலை. ஓவியர் மெல்லிய தாளில் வரைந்து கொடுப்பார். அதைச் செர்ரி மரப் பலகையில் ஒட்டிச் செதுக்குபவர் ஒருவர். நிறத்துக்கு ஒரு பலகையாக வைத்து அச்சிடுபவர் இன்னொருவர். பணம் போட்டு விற்பவர் பதிப்பாளர். ஓவியம் செல்வர் மாளிகையை விட்டு இறங்கி, சாதாரண மக்கள் கைக்கு எட்டியது இப்படித்தான்.

எடோவிலிருந்து கியோத்தோ செல்லும் பெருவழியில் 53 தங்குமிடங்கள் உண்டு. தொடக்கமும் முடிவும் சேர்த்து 55 படங்களாக, 1833-34 வாக்கில் ஹிரோஷிகே அவற்றைத் தீட்டினார். சாய்ந்து பெய்யும் மழை, பனி மூடிய இரவு, குனிந்து நடக்கும் வழிப்போக்கன் என்று அவர் காட்டிய காட்சிகள் மக்களைக் கொள்ளை கொண்டன.

புகழும் கடனும்

1856-இல் அவர் தலையை மழித்துப் புத்த பிக்கு ஆனார். ஆயினும் தூரிகையைக் கீழே வைக்கவில்லை. எடோவின் சிறப்பு மிக்க காட்சிகளை நூற்றுக்கு மேற்பட்ட படங்களாகத் தீட்டும் பெருமுயற்சி அந்த ஆண்டில்தான் தொடங்கியது.

இத்தனை புகழ் இருந்தும் செல்வம் சேரவில்லை. மரணப் படுக்கையில் எழுதிய உயிலில், வீட்டை விற்றுக் கடனை அடைக்குமாறு கேட்டுக்கொண்டார். பிறர் பொருளோடு போக அவர் மனம் ஒப்பவில்லை.

நண்பரின் கடமை

ஒருவர் இறந்ததும் அவர் உருவத்தை அச்சிட்டு வெளியிடும் வழக்கம் ஜப்பானில் இருந்தது. இறந்த நாள், துறவுப் பெயர், அடக்கமான கோயில், கடைசிக் கவிதை ஆகியவற்றை அதில் பொறிப்பார்கள். பெரும்பாலும் நாடக நடிகர்களுக்கே இந்த மரியாதை. 1854-இல் எட்டாம் டாஞ்சூரோ என்ற நடிகர் தற்கொலை செய்துகொண்டபோது நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள் வெளியாயின. யார் முந்துவது என்ற அவசரத்தில் தேதியைத் தவறாக அச்சிட்டவர்களும் உண்டு!

ஹிரோஷிகேயின் படத்தை வரைந்தவர் குனிசாடா. ஹிரோஷிகேக்குப் பதினொரு ஆண்டு மூத்தவர். எந்த டோயோகுனியிடம் ஹிரோஷிகேக்கு இடம் கிடைக்கவில்லையோ, அந்த டோயோகுனியின் சீடர். தொழிலில் போட்டியாளராக இருந்திருக்க வேண்டியவர். ஆனால் 1854 முதல் இருவரும் கூடி ஒரே வரிசைப் படங்களைத் தீட்டினார்கள்; மனிதர்களைக் குனிசாடாவும் நிலக்காட்சியை ஹிரோஷிகேயும் வரைந்தார்கள். இப்போது நிலக்காட்சி வரையும் கை ஓய்ந்துவிட்டது. மனிதரை மட்டும் தனியே வரைய நேர்ந்த குனிசாடா, கண்ணீர் சொரிந்தபடி தீட்டியதாகத் தம் கையொப்பத்துடன் குறித்து வைத்தார்.

1887-இல் பாரிஸ் நகரில் வான்கோ என்ற ஓவியர், ஹிரோஷிகேயின் எடோ காட்சிகளில் இரண்டைத் தம் கையால் பார்த்து வரைந்து பழகினார். அந்தப் புகழை ஹிரோஷிகே அறியார், குனிசாடாவும் அறியார். 1865 ஜனவரியில் குனிசாடா மறைந்தபோது, அவருடைய சீடர்கள் அவருக்கும் நினைவுப் படம் வரைந்து அந்தக் கடனைத் தீர்த்தார்கள்.