வேகச்சாமிக்குக் காணிக்கை வைத்த கிழவர்

அய்யனாருக்கு வாகனம் குதிரை. ஊர் உறங்கும் நேரத்தில் அவர் குதிரை மீது ஏறி எல்லையைச் சுற்றி வந்து காவல் காக்கிறார் என்பது நம் கிராமங்களில் தொன்றுதொட்டு வரும் நம்பிக்கை. அதனால்தான் வேண்டுதல் பலித்தவர்கள் அவருக்கு மண்குதிரை செய்து வைக்கிறார்கள். ராஜபாளையத்துக்கு மேற்கே, மலை அடிவாரத்தில் இருக்கும் அய்யனார் கோவிலுக்குப் போய் வருகிறவர்களுக்கு இதை நாம் சொல்ல வேண்டியதில்லை.

பூமிப் பந்தின் தென்கோடியில், நியூசிலாந்து நாட்டில், ஒரு கிழவரும் இப்படித்தான் ஒரு சாமிக்குக் காணிக்கை வைத்து வந்தார். அவர் கும்பிட்டது வேகத்தின் சாமியை! அவர் குடியிருந்த கொட்டகைதான் கோவில். உடைந்த பிஸ்டன், வெடித்த சிலிண்டர், வளைந்த கம்பி இவைதான் காணிக்கை. அவற்றை ஒரு பலகைத் தட்டில் வரிசையாக அடுக்கி, இவை வேகக் கடவுளுக்குச் செலுத்தியவை என்று எழுதியும் வைத்திருந்தார்.

அவர் பெயர் பர்ட் மன்றோ. உலகத்திலேயே வேகமான 'இந்தியன்' என்று பெயர் எடுத்தவர். இந்தியன் என்றதும் நம் நாட்டுக்காரர் என்று எண்ணிவிடாதீர்கள். அமெரிக்காவில் ஸ்பிரிங்பீல்டு நகரில் செய்யப்பட்ட ஒரு மோட்டார் சைக்கிளின் பெயர் 'இந்தியன்'. மன்றோ ஓட்டியது அந்த வண்டியை.

குதிரை ஏறிய சிறுவன்

மன்றோ 1899-ம் ஆண்டு மார்ச் 25-ந் தேதி பிறந்தார். ஊர் இன்வர்கார்கில். நியூசிலாந்தின் தெற்கு முனையில் உள்ள ஊர் அது. தகப்பனார் விவசாயி. மகன் ஏரையும் நிலத்தையும் விட்டு வேறு எதிலும் கவனம் வைக்கக் கூடாது என்பது அவருடைய எண்ணம்.

பையனோ வீட்டில் இருந்த குதிரைகளில் எது மிக வேகமானதோ அதன் மேல் ஏறி நிலத்தின் குறுக்கே பறப்பான். தகப்பனார் திட்டுவார். மறுநாளும் பறப்பான். எப்போதாவது ரெயில் ஏறித் துறைமுகத்துக்குப் போனால் அங்கே கார், மோட்டார் சைக்கிள் எல்லாம் கண்ணில் படும். அப்புறம் குதிரையில் மனம் நிற்குமா?

1920-ல், தம்முடைய 21-வது வயதில், மன்றோ 'இந்தியன் ஸ்கவுட்' என்ற மோட்டார் சைக்கிளை வாங்கினார். 600 சி.சி. என்ஜின். இரண்டு சிலிண்டர். அதிகபட்ச வேகம் மணிக்கு 55 மைல், அதாவது சுமார் 89 கிலோமீட்டர். அந்தக் காலத்துக்கு அது நல்ல வேகம்தான். வேறு யாராக இருந்தாலும் சில வருஷம் ஓட்டிவிட்டு விற்றிருப்பார்கள். மன்றோ உடல் தளரும் வரையில் அந்த வண்டியை விடவில்லை.

1926-ல் அவர் வண்டியைப் பிரித்து அதன் உறுப்புகளை மாற்றத் தொடங்கினார். புது உறுப்பு வாங்கப் பணம் கிடையாது. ஆகவே எல்லாவற்றையும் தாமே செய்தார். அப்படிச் செய்தவற்றில் முக்கியமானது கேம். அதைப் பற்றிக் கொஞ்சம் விளக்கமாகச் சொன்னால்தான் அவர் செய்த காரியத்தின் அருமை தெரியும்.

என்ஜினின் மூச்சு

பெட்ரோல் என்ஜினுக்கு நம்மைப்போல் மூச்சு உண்டு. பெட்ரோல் கலந்த காற்றை உள்ளே இழுக்கிறது. எரிந்த புகையை வெளியே விடுகிறது. உள்ளே வர ஒரு கதவு, வெளியே போக ஒரு கதவு. இந்தக் கதவுகளுக்கு வால்வு என்று பெயர். கதவைத் திறக்கும் வாயிற்காவலன்தான் கேம். அது ஒரு தண்டில் இருக்கும் இரும்புப் புடைப்பு. பக்கவாட்டில் பார்த்தால் முட்டை போலத் தெரியும். தண்டு சுழலும்போது முட்டையின் கூர்மையான பக்கம் வந்து முட்டினால் வால்வு திறக்கும். அது நகர்ந்ததும் ஸ்பிரிங் வால்வை மூடிவிடும்.

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள் இருக்கின்றன. தறியின் அடித்தண்டில் இப்படி ஒரு புடைப்பு உண்டு. தறிக்காரர்கள் டாப்பெட் என்பார்கள். அது மிதியை அமுக்க, பாவு நூல் இரண்டாகப் பிரிந்து, நாடா ஓட வழி கிடைக்கிறது. மேல்தண்டு இரண்டு சுற்றுச் சுற்றினால் அடித்தண்டு ஒரு சுற்றுச் சுற்றும். என்ஜினிலும் அதே கணக்குத்தான்! என்ஜின் நிமிஷத்துக்கு 6,000 சுற்றுச் சுற்றினால், கேம் 3,000 சுற்று. அப்படியென்றால் ஒவ்வொரு வால்வும் விநாடிக்கு 50 முறை திறந்து மூட வேண்டும். கண் இமைப்பதற்குள் பல தடவை!

இவ்வளவு அவசரத்தில் காற்று முழுவதும் உள்ளே வர நேரம் ஏது? அதனால் பந்தய வண்டிக்குக் கேமின் புடைப்பை அகலமாக வைப்பார்கள். கதவு அதிக நேரம் திறந்திருக்கும். வேகமாக ஓடும்போது காற்று பாய்ந்து வந்து சிலிண்டரை நிரப்பும். சக்தி கூடும்.

ஆனால் அதற்கு ஒரு விலை உண்டு. மெதுவாகப் போகும்போது காற்றுக்குப் பாய்ச்சல் இருப்பதில்லை. கதவு திறந்தே இருப்பதால், உள்ளே வந்த காற்றில் ஒரு பகுதி வந்த வழியே திரும்பிவிடும். என்ஜின் திக்கும், உதறும், நின்றும் போகும். பந்தயக் கேம் போட்ட வண்டியில் மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு அய்யனார் கோவில் பாதையில் போய்ப் பாருங்கள். நெரிசலில் ஊர்ந்து போக வேண்டிய இடத்தில் வண்டி முரண்டு பிடிக்கும். அதே வண்டியை இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திலோ, கோவை செட்டிபாளையத்துத் தடத்திலோ விட்டால் சிட்டாய்ப் பறக்கும்.

ஒரே வண்டி ரோட்டிலும் ஓட வேண்டும், பந்தயத்திலும் ஓட வேண்டும் என்றால் அது கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்ற கதைதான். இரண்டுக்கும் நடுவாக ஒரு கேமைப் போட்டுக்கொள்ளலாம். அதில் இரண்டிலும் கொஞ்சம் குறையும். பெரும்பாலோருக்கு அதுவே போதும். வாரத்தில் ஆறு நாள் வேலைக்குப் போகவும் ஒரு நாள் பந்தயத்துக்கும் என்றால், அந்த ஆறு நாளைக் கணக்கில் வைத்துத்தான் கேம் வாங்க வேண்டும் என்பதே நம் அபிப்பிராயம். கேமை மட்டும் மாற்றினாலும் காரியம் ஆகாது. அதற்கு ஏற்ற ஸ்பிரிங், கார்புரேட்டர், புகைக்குழாய் எல்லாம் வேண்டும். வால்வு கூடுதலாகத் திறந்தால் பிஸ்டனில் இடித்து என்ஜினே நொறுங்கிவிடும். மன்றோவின் பலகைத் தட்டு நிரம்பியதற்கு இப்படிப்பட்ட விபத்துகளும் காரணம்!

டின்னில் வார்த்த பிஸ்டன்

மன்றோ நடுவழியைத் தேர்ந்தெடுக்கவில்லை. வண்டியை முழுக்க வேகத்துக்கே கொடுத்துவிட்டார்.

ஸ்கவுட் வண்டியில் இருந்தவை இரண்டு கேம். அந்த இரண்டும் நான்கு வால்வுகளையும் பார்த்துக்கொண்டன. மன்றோ அவற்றைக் கழற்றிவிட்டு, வால்வுக்கு ஒன்றாக நான்கு கேம் செய்தார். இதனால் எந்த வால்வு எப்போது திறக்க வேண்டும் என்பதைத் தனித்தனியாக மாற்றிப் பார்க்க முடிந்தது. பக்கத்தில் இருந்த வால்வுகளைச் சிலிண்டரின் தலைக்கு மேல் வருமாறு மாற்றி அமைத்தார். பழைய டின்களை அச்சாக வைத்துப் பிஸ்டன் வார்த்தார். டிராக்டரின் அச்சுத்தண்டை வெட்டிச் செதுக்கி, பிஸ்டனைத் தாங்கும் தண்டுகளைச் செய்தார்.

ஆரம்ப நாட்களில் அளவு பார்க்க அவரிடம் நல்ல கருவி கூட இல்லை. பழைய சக்கரக் கம்பி ஒன்றை வைத்தே அளந்தார் என்கிறார்கள். மயிரிழை பிசகினாலும் வெடிக்கும் வேலையில் சக்கரக் கம்பியால் அளவு!

பகலில் மோட்டார் சைக்கிள் விற்கும் வேலை. இரவில் கொட்டகையில் வேலை. பல நாள் விடிய விடிய உழைத்துவிட்டு அப்படியே வேலைக்குப் போவார். 1938-ல் நியூசிலாந்து நாட்டு வேக சாதனை ஒன்றை முதன்முதலாக ஏற்படுத்தினார். பின்னால் இன்னும் ஏழு சாதனைகள்.

வீடு என்ன ஆயிற்று? 1927-ல் அவருக்குக் கலியாணம் நடந்தது. நான்கு பிள்ளைகள் பிறந்தனர். 1947-ல் விவாகரத்து ஆயிற்று. இரவெல்லாம் கொட்டகையில் கிடக்கும் புருஷனோடு குடித்தனம் நடத்துவது எப்படி இருக்கும் என்பதை நம் வீட்டுப் பெண்கள் சொல்வார்கள். பிறகு மன்றோ வேலையையும் விட்டார். கொட்டகையே வீடாயிற்று. ஒரு பக்கம் படுக்கை, ஒரு பக்கம் வண்டி. அவரைப் போற்றி எழுதுகிறவர்கள் இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிப் போய்விடுகிறார்கள். அது நியாயம் அல்ல. ரோட்டுக்கு உதவாத கேமை என்ஜினில் போட்டவர், தம் வாழ்க்கையிலும் அதையே போட்டுக்கொண்டார் என்றுதான் சொல்லத் தோன்றுகிறது.

உப்பு வெளியில்

அமெரிக்காவில் யூட்டா மாநிலத்தில் பான்வில் என்று ஓர் இடம் உண்டு. ஆதிகாலத்தில் ஏரியாக இருந்து வற்றிப்போன இடம். கண்ணுக்கு எட்டிய தூரம் வெள்ளை வெளேர் என்று உப்பு. மேடு பள்ளம் இல்லை. உலகத்து வேகக்காரர்கள் எல்லாம் அங்கே கூடுவார்கள்.

மன்றோ மோட்டார் சைக்கிளைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு அங்கே போனார். 1962-ல் அவர் போட்டியில் கலந்துகொண்டபோது வயது 63. நெஞ்சுவலி நோயாளி வேறு. அவருடைய வண்டிக்கு வயது 42! பெரிய கம்பெனிகளின் புது வண்டிகளுக்கு நடுவே, கையால் செய்த என்ஜினோடு ஒரு கிழவர் போய் நின்றால் எப்படி இருந்திருக்கும்!

அந்த ஆண்டு மணிக்கு 178.95 மைல் வேகத்தில் ஓட்டித் தம் வகுப்பில் உலக சாதனை செய்தார். கிலோமீட்டரில் சொன்னால் 288. சிலிண்டரைக் குடைந்து பெரிதாக்கி, 600 சி.சி. என்ஜினை 850 சி.சி. ஆக்கியிருந்தார். 1966-ல் 920 சி.சி.; அப்போது வேறொரு வகுப்பில் 168.07 மைல் ஓட்டி இரண்டாவது சாதனை.

1967-ல் நடந்ததுதான் பெரிது. என்ஜின் 950 சி.சி. ஆகியிருந்தது. மன்றோவுக்கு வயது 68. காற்றைக் கிழித்துக்கொண்டு போவதற்காக வண்டி முழுவதையும் ஒரு கூடு மூடியிருக்கும். அதற்குள் குப்புறப் படுத்தபடிதான் ஓட்ட வேண்டும்.

ஓர் ஓட்டத்தில் பாதி தூரம் தாண்டியதும் வண்டி ஆட்டம் காண ஆரம்பித்தது. வேகத்தைக் குறைக்க வேண்டும். மன்றோ உடலை நிமிர்த்திக் காற்றுக்குக் குறுக்கே உட்கார்ந்தார். அடித்த காற்றில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போயிற்று. கண் தெரியவில்லை. தடத்தை விட்டு விலகிப்போன வண்டி, நட்டு வைத்திருந்த ஓர் இரும்புக் கம்பத்தைச் சில அங்குல இடைவெளியில் தாண்டியது. கடைசியில் வண்டியை உப்பின் மேல் சாய்த்து நிறுத்தினார். சிராய்ப்புகளோடு எழுந்து வந்தார்.

அந்த ஆண்டு தகுதி ஓட்டத்தில் ஒரு திசையில் மட்டும் அவர் எட்டிய வேகம் 190.07 மைல். கிலோமீட்டரில் 305-க்கு மேல். ஆனால் சாதனைக் கணக்குக்கு இரு திசையிலும் ஓட்டிச் சராசரி எடுப்பார்கள். அந்தச் சராசரி 183.58 மைல் என்று பதிவாயிற்று. 55 மைல் ஓடிய வண்டி, 47 ஆண்டுக்குப் பிறகு அதைப்போல் மூன்று மடங்குக்கும் மேல் ஓடியது.

பிறகு

1975-ல் பான்விலுக்குக் கடைசியாகப் போய்வந்தார். உடல் தளர்ந்துவிட்டது. தம் வண்டிகள் சொந்த ஊரை விட்டுப் போய்விடக் கூடாது என்று, இன்வர்கார்கிலில் இரும்புக்கடை வைத்திருந்த நண்பருக்கே விற்றார். 1978 ஜனவரி 6-ந் தேதி, 78-வது வயதில் மன்றோ காலமானார். நண்பரின் கடையிலேயே, ஆணிக்கும் சுத்தியலுக்கும் நடுவே, அவருடைய வண்டியும் பலகைத் தட்டுக் காணிக்கைகளும் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டன. 2005-ல் அவருடைய கதை சினிமாவாக வந்தது. அந்தோணி ஹாப்கின்ஸ் மன்றோவாக நடித்தார். உலகின் பல நாடுகளில் மன்றோவின் பெயர் பரவியது அந்தப் படத்தால்தான்.

இன்னொரு செய்தியும் உண்டு. 1967-ம் ஆண்டுச் சராசரியைப் போட்டவர்கள் கணக்கில் தவறிவிட்டார்கள்! பழைய காகிதங்களைப் பார்த்து அதைக் கண்டுபிடித்தவர் மன்றோவின் மகன் ஜான். 2014-ல், மன்றோ இறந்து 36 ஆண்டுகளுக்குப் பிறகு, அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் அந்தச் சாதனையை மணிக்கு 184.087 மைல் என்று திருத்தி எழுதியது.