அவர் பெயரில் வரும் பணம்

கம்பம் பள்ளத்தாக்கின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கருவுற்ற பெண்கள் அடிக்கடி சொல்லும் பெயர் ஒன்று உண்டு. முத்துலட்சுமி பணம் வந்துவிட்டதா என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கிறார்கள். அடுத்த தவணை எந்த மாதம், வங்கிக் கணக்கில் ஏறியதா, தடுப்பூசி போட்ட பிறகுதான் மீதி வருமா என்று செவிலியரிடம் விசாரிக்கிறார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டம் என்ற நீண்ட பெயர் மக்கள் வாயில் இப்படிச் சுருங்கியிருக்கிறது. அந்த முத்துலட்சுமி யார் என்று சின்னமனூர்ப் பக்கம் சிலரிடம் கேட்டுப் பார்த்தேன். பழைய அமைச்சராக இருக்கும் என்றார் ஒருவர். லட்சுமி என்றால் பணம்தானே, அதற்காக வைத்த பெயராக இருக்கலாம் என்றார் இன்னொருவர். அந்த விளக்கத்தில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது.

படித்தவர்களாகிய நாமும் அவரை முழுமையாக அறிந்தவர்கள் இல்லை. மருத்துவப் பட்டம் பெற்ற முதல் பெண்களில் ஒருவர், இந்தியாவில் சட்டமன்றத் துணைத் தலைவரான முதல் பெண் என்று ‘முதல்’ என்னும் சொல்லோடு சேர்த்தே அவரை மனப்பாடம் செய்திருக்கிறோம். குழந்தையை வீட்டில் விட்டுவிட்டு வேலைக்குப் போன ஒரு தாயாக அவரை எண்ணிப் பார்ப்பதில்லை. அவருடைய வாழ்க்கையை அந்தப் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன். அவர் பெயரில் உதவி பெறும் பெண்கள் இந்தப் பள்ளத்தாக்கில் அன்றாடம் எதிர்கொள்ளும் கேள்வியும் அதுதான்.

1886 ஜூலை 30 அன்று புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தை நாராயணசாமி அய்யர் மகாராஜா கல்லூரியின் முதல்வராக இருந்தவர். தாய் சந்திரம்மாள் இசை வேளாளர் மரபில் வந்தவர். ஆண்கள் மட்டுமே படித்த அக்கல்லூரியில் அவரைச் சேர்க்க எதிர்ப்பு எழுந்தபோது, மன்னர் மார்த்தாண்ட பைரவத் தொண்டைமான் அனுமதி அளித்தார். 1907-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து 1912-இல் பட்டம் பெற்றார். இவையெல்லாம் பாடநூல்களிலேயே இருக்கின்றன.

1914-இல் நடந்த திருமணத்தைப் பற்றித்தான் சற்று விரிவாகப் பேசவேண்டும். அப்போது அவருக்கு 27 வயது. அந்தக் காலத்தில் அந்த வயதில் பல பெண்கள் நான்கைந்து குழந்தைகளுக்குத் தாயாகியிருப்பார்கள். மணமகன் சுந்தர ரெட்டியும் மருத்துவர். தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பங்களுக்குத் தடையாக நிற்கக்கூடாது என்ற நிபந்தனையை முன்வைத்து, அதற்கு அவர் இசைந்த பிறகே முத்துலட்சுமி சம்மதித்தார். 1872-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்த் திருமணம் பதிவாயிற்று. இந்நிபந்தனையைப் பெண் விடுதலைக் கொள்கையின் அறிவிப்பாகப் பலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அது ஒரு வேலை ஒப்பந்தமாகவே தோன்றுகிறது. குழந்தை பிறந்தபின் தம் தொழில் என்னவாகும் என்பதை, மகப்பேறு மருத்துவமனையில் பணியாற்றியிருந்த அவர் அறியாமலா இருந்திருப்பார்?

ராம்மோகன், கிருஷ்ணமூர்த்தி என இரு மகன்கள் பிறந்தார்கள். தாய்மார்களுக்கு மருத்துவம் பார்ப்பவருக்கு நேரம் காலம் கிடையாது; பிரசவ வலி கடிகாரத்தைப் பார்த்து வருவதில்லை. ஆனால் அவருக்குச் சில வசதிகள் இருந்தன. தொழில் அவர் கையில் இருந்தது. ஒரு நாள் போகாவிட்டால் வேலை பறிபோகாது. கணவருக்கும் அதே தொழில் என்பதால் நள்ளிரவில் ஏன் கிளம்புகிறாய் என்ற கேள்விக்கு இடமில்லை. வீட்டு வேலைக்கு ஆள் வைத்துக்கொள்ள வருமானம் இருந்தது. இதைச் சொல்வதால் அவருடைய உழைப்பு சிறுத்துவிடாது. அந்த உழைப்பு எந்தத் தரையில் ஊன்றி நின்றது என்று தெரிந்துகொள்ளலாம், அவ்வளவே.

1925-இல் பெண்கள், குழந்தைகளின் நோய்கள் குறித்து மேற்பயிற்சி பெற அரசு உதவித்தொகையில் இங்கிலாந்து சென்றார். கணவரும் பிள்ளைகளும் உடன் சென்றனர். மனைவியின் படிப்புக்காகக் கணவர் கடல் கடந்தார் என்பது இன்றைக்கும் செய்தியாகக்கூடிய ஒன்று. 1926-இல் பாரிசில் நடந்த உலகப் பெண்கள் மாநாட்டில் கலந்துகொண்டார். திரும்பி வந்ததும் சென்னை சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டார். மருத்துவத் தொழில் பாதிக்கப்படுமே என்று முதலில் தயங்கியவர், அடுத்த சில வாரங்களிலேயே துணைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1930-இல் காந்தி கைதானபோது பதவியைத் துறக்கும் வரை, தேவதாசி முறை ஒழிப்பு, திருமண வயது உயர்வு, பள்ளிக் குழந்தைகளுக்கு மருத்துவப் பரிசோதனை, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி மருத்துவமனை என்று இடைவிடாது வாதாடினார். மருத்துவமனைக் கட்டிலில் தாயும் சேயும் சாகாமல் இருக்கவேண்டும் என்பதே அவருடைய முதன்மைக் கவலை. அக்காலத்தில் அது எவ்வளவு பெரிய கவலை என்பதைப் பழைய குடும்பங்களில் பிறந்த குழந்தைகளையும் பிழைத்த குழந்தைகளையும் எண்ணிப் பார்த்தவர்கள் அறிவார்கள்.

வேலைக்குப் போகும் தாயின் பகல்பொழுது வேறொரு வழியில் சட்டத்துக்குள் நுழைந்தது. பம்பாய் மாகாணத்தில் 1929-இலும், சென்னை மாகாணத்தில் 1930-களின் நடுவிலும் ஆலைப் பெண்களுக்கான மகப்பேற்றுச் சட்டங்கள் வந்தன. தோட்டத் தொழிலாளர்களுக்கு 1951-ஆம் ஆண்டுச் சட்டம், 50 அல்லது அதற்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்கவேண்டும் என்று விதித்தது. 2017-இல் மகப்பேறு விடுப்பு 26 வாரங்கள் ஆயிற்று. தமிழக அரசு 2021-இல் தன் பெண் ஊழியர்களுக்கு அதை ஓராண்டாக்கியது. ஏட்டில் பார்த்தால் குறைவில்லை.

இனி அந்தப் பெண்களின் நாளைப் பாருங்கள். கம்பம், கூடலூர், உத்தமபாளையம், போடி வட்டாரங்களிலிருந்து கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாகக் கேரளத்து ஏலத்தோட்டங்களுக்கு ஜீப்புகள் ஏறுகின்றன. அந்த ஜீப்பைப் பிடிக்கவேண்டுமானால் இருட்டிலேயே எழுந்து, உலை வைத்து, மதியச் சோற்றைத் தூக்குவாளியில் அடைத்துவிடவேண்டும். தூங்கும் குழந்தையை எழுப்பிப் பால் கொடுத்து, மீண்டும் தொட்டிலில் போட்டு, மாமியாரிடமோ அம்மாவிடமோ ஒப்படைத்துவிட்டுக் கிளம்பவேண்டும். மலையில் செடிக்கடியில் குனிந்து காய் எடுக்கும்போது, நண்பகலுக்கு முன்பே மார்பில் பால் கட்டிக்கொள்கிறது. சேலை நனையும், மறைவாக ஒதுங்கிப் பீய்ச்சிவிட்டு வந்து வேலையைத் தொடர்கிறார்கள். மாலையில் ஜீப் கீழே இறங்கி வீடு சேரும்போது குழந்தை அழுது ஓய்ந்திருக்கும், அல்லது புட்டிப்பால் குடித்துத் தூங்கியிருக்கும். பிறகு மறுபடியும் அடுப்பு. வேலைக்குத் திரும்பும் நாள் நெருங்கியதும் மார்பில் மல்லிகைப்பூவை வைத்துக் கட்டிப் பாலை வற்றச் செய்யும் பழக்கமும் உண்டு. பூ விளையும் மாவட்டத்தில் பூவுக்கு இப்படியும் ஒரு வேலை இருக்கிறது.

தோட்டத்திலேயே குடியிருக்கும் தொழிலாளியை மனத்தில் வைத்து எழுதப்பட்டது 1951-ஆம் ஆண்டுச் சட்டம். மாநில எல்லையைத் தாண்டித் தினமும் போய்வரும் தினக்கூலிப் பெண், காப்பகம் இருந்தாலும் கைக்குழந்தையை ஆள் நெருக்கியடிக்கும் ஜீப்பில், கொண்டை ஊசி வளைவுகளில், அதிகாலைக் குளிரில் எப்படிக் கொண்டுபோவார்? சிறு தோட்டங்களோ அந்தச் சட்டத்தின் வரம்புக்குள்ளேயே வரவில்லை. ஊரில் அங்கன்வாடி இருக்கிறது. பிள்ளைகளைப் பகலில் வைத்துக்கொள்வது இரண்டு வயது நிரம்பிய பிறகுதான். ஆறாம் மாதத்திலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தையை யார் பார்த்துக்கொள்வது என்ற கேள்விக்கு எந்தச் சட்டத்திலும் பதில் இல்லை. வீட்டுக் கிழவிதான் பதில். அவர் படுத்துவிட்டால் வேலை போயிற்று.

முத்துலட்சுமியின் பெயரில் வரும் பணத்தின் நோக்கங்களில் ஒன்று, மகப்பேற்றுக் காலத்தில் இழக்கும் கூலியை ஈடுசெய்வது. 2006-இல் 6,000 ரூபாய், 2011-இல் 12,000, 2018-இல் 18,000 என்று உயர்ந்தது. இதில் ரொக்கம் 14,000. மீதி ஊட்டச்சத்துப் பெட்டகமாகக் கிடைக்கும். 26 வாரங்களுக்கு, அதாவது 182 நாட்களுக்கு, அந்த ரொக்கத்தைப் பகிர்ந்தால் நாளொன்றுக்கு 77 ரூபாய்க்கும் குறைவு. அதைக் கொண்டு எந்தத் தாயும் ஆறு மாதம் வீட்டில் இருந்துவிட முடியாது. திட்டம் வீண் என்று இதற்குப் பொருளில்லை. பிரசவத்தை மருத்துவமனைக்குக் கொண்டுவந்ததில் அதற்குப் பங்குண்டு. பிரசவம் முடிந்த பிறகு தொடங்கும் நாட்களை அது எட்டவில்லை.

முத்துலட்சுமியின் தேவதாசி ஒழிப்புப் போராட்டத்தை எதிர்த்தவர்களில் பெங்களூரு நாகரத்தினம்மாளும் ஒருவர். அந்த விவாதம் முழுவதையும் இங்கே தொடப் போவதில்லை. ஆனால் ஒன்று: அந்தக் குடும்பங்களில் பெண் சம்பாதித்தாள், அவள் குழந்தையை மூத்த பெண்கள் வளர்த்தார்கள். தாய்வழியில் அத்தகைய மரபிலிருந்து வந்த முத்துலட்சுமி, அம்முறையின் கொடுமையைக் கண்ட அளவுக்கு இந்த ஏற்பாட்டைக் கண்டாரா என்ற ஐயம் எனக்கு உண்டு. எனினும் பிள்ளைகளுக்கு ஒரு கூரை வேண்டும் என்பதை அவர் பேச்சோடு விட்டவரில்லை. அடைக்கலம் தேடித் தம் வீட்டுக்கு வந்த சிறுமிகளுக்காக அவர் தொடங்கிய அவ்வை இல்லம் பின்னர் அடையாற்றுக்கு மாறி, இன்றும் அங்கே இயங்குகிறது.

தங்கை புற்றுநோயால் இறந்ததை மறக்காத அவர், 1954-இல், 67 வயதில், அடையாற்றில் 12 படுக்கைகளோடு புற்றுநோய் மருத்துவமனையைத் திறந்தார். அதை வளர்த்தெடுத்தவர்களில் முதன்மையானவர் அவருடைய இளைய மகன் கிருஷ்ணமூர்த்தி. பணிக்குப் போகும் தாயைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, அந்தத் தாயின் வேலையையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். 1968 ஜூலை 22 அன்று முத்துலட்சுமி மறைந்தார்.

அவர் பெயரில் ரொக்கம் தரும் அரசு, ஜீப்புகள் புறப்படும் ஊர்களில் அதே பெயரில் குழந்தைகள் காப்பகங்களைத் திறக்கலாம். கம்பத்திலும் கூடலூரிலும் போடியிலும் முதலில் தொடங்கட்டும். ஒன்பது மணிக்குத் திறக்கும் காப்பகம் இங்கே யாருக்கும் பயன்படாது. ஜீப் ஏறும் நேரத்துக்கு முன்பே அதன் கதவு திறந்திருக்கவேண்டும், கடைசி ஜீப் இறங்கும் வரை உள்ளே விளக்கு எரியவேண்டும்.