நாங்குநேரி தந்த ஆசிரியர் நா. வானமாமலை

பேராசிரியர் நா. வானமாமலை 1917-இல் நாங்குநேரியில் பிறந்தவர். பள்ளி ஆசிரியர் வேலையை விட்டு, பாளையங்கோட்டையில் தனிப்பயிற்சிக் கல்லூரி நடத்தினார். படித்தவர்கள் பொருட்படுத்தாத நாட்டுப்புறப் பாடல்களைத் தேடித் தொகுத்தார். 1967-இல் நெல்லை ஆய்வுக் குழுவைத் தொடங்கி, இளைஞர்களை ஆய்வுக் கட்டுரை எழுத வைத்தார். 1969 முதல் ‘ஆராய்ச்சி’ இதழை நடத்தினார். 1980-இல் மறைந்தார்.

அவர் பொதுவுடைமைவாதி, மார்க்க நம்பிக்கையில் நம்மோடு உடன்படாதவர். ஆனாலும், 1764-இல் தூக்கிலிடப்பட்ட யூசுப்கானைப் பற்றிய ‘கான்சாகிபு சண்டை’ கதைப்பாடலைப் பதிப்பித்து நம் வரலாற்றுக்கும் உதவினார்.

நன்மை எவர் செய்தாலும் நன்றி சொல்வது நம் கடமை. நம் உம்மாமார் பாடிய தாலாட்டுகள் எழுதப்படாமலேயே மறைந்து வருகின்றன. பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்த ஆசிரியருக்கு நாம் செலுத்தும் நன்றியும் அதுதான்.