மேசை மேல் ஓடிய என்ஜின்!

இங்கிலாந்தின் தென்மேற்குக் கோடியில் காம்போர்ன் என்ற சிற்றூர் இருக்கிறது. அங்கே நூல் நிலையத்தின் முன்னால் ஒரு மனிதரின் சிலை நிற்கிறது. அவர் கையில் ஒரு சின்னஞ்சிறு நீராவி என்ஜின்! ரெயில் பொருட்காட்சியில் பொம்மை ரெயிலைக் கண்டு பிள்ளைகள் துள்ளிக் குதிக்கிறார்களே, அந்தப் பொம்மைகளுக்கெல்லாம் அது பாட்டன் போன்றது.

சிலையாக நிற்பவர் ரிச்சர்டு டிரெவிதிக். 1771-ம் ஆண்டு பிறந்தவர். தகப்பனார் சுரங்கத்தில் மேலதிகாரி. பையனுக்குப் பள்ளிப் படிப்பு ஏறவில்லை. மந்தம், பிடிவாதம் என்று ஆசிரியர் முடிவு கட்டிவிட்டார். வளர்ந்து 6 அடி 2 அங்குலம் உயர்ந்தார். குஸ்தியில் சூரர்.

அந்தக் காலத்து நீராவி யந்திரம் வீடு போலப் பெரியது. நீராவியை அதிக அழுத்தத்தில் அடக்கினால் யந்திரம் சிறியதாகும், வண்டியிலேயே ஏற்றலாம் என்று டிரெவிதிக் கணக்குப் போட்டார். வெடித்துவிடும் என்று பெரிய நிபுணர்களே பயந்தார்கள். அவர் பயப்படவில்லை. கல்யாணமான புதிதில், ஒரு மாதிரி என்ஜின் செய்து வீட்டு மேசை மேல் ஓடவிட்டார்.

1801-ம் ஆண்டு கிறிஸ்துமசுக்கு முதல் நாள். பெரிய என்ஜின் ஒன்று ஆட்களைச் சுமந்து காம்போர்ன் மேட்டில் ஏறியது. ஊரே திரண்டு பார்த்தது. சில நாளில் அது பழுதாகி நின்றது. டிரெவிதிக்கும் நண்பர்களும் அதைக் கொட்டகையில் விட்டுவிட்டு, விடுதியில் வாத்துக் கறி சாப்பிடப் போனார்கள். நெருப்பை அணைக்க யாருக்கும் ஞாபகம் இல்லை! தண்ணீர் வற்றி, என்ஜினும் கொட்டகையும் எரிந்து போயின.

1804 பிப்ரவரி 21-ந் தேதி வேல்ஸ் நாட்டில் ஒரு பந்தயம். 10 டன் இரும்பையும் 70 ஆட்களையும் அவருடைய என்ஜின் தண்டவாளத்தில் 9 மைலுக்கு மேல் இழுத்துச் சென்றது. சுமார் 4 மணி நேரம் ஆயிற்று. தண்டவாளத்தில் ஓடிய முதல் நீராவி ரெயில் அதுதான். ஆனால் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளங்கள் உடைந்தன. 1808-ல் லண்டனில் வட்டமாகப் பாதை போட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி ஜனங்களை ஏற்றினார். அங்கும் தண்டவாளம் உடைந்தது. கைப்பணம் கரைந்தது.

1816-ல் வெள்ளிச் சுரங்கத்தில் யந்திரம் அமைக்கப் பெரு நாட்டுக்குக் கப்பல் ஏறினார். மனைவி ஜேன் ஆறு பிள்ளைகளோடு ஊரில் கஷ்டப்பட்டாள். (என்ஜினை எழுதுகிறவர்கள் இந்த அம்மாளை மறந்து விடுகிறார்கள்.) பெருவில் விடுதலைப் போர் மூண்டது. சம்பாதித்தது எல்லாம் போயிற்று.

1827-ல் கார்ட்டகேனா துறைமுகத்தில் பரதேசி போல நின்றார் டிரெவிதிக். அங்கே ஓர் இளைஞன் அவரைச் சந்தித்தான். ஊர் திரும்ப 50 பவுன் கொடுத்தான். அவன் வேறு யாருமல்ல, ஜார்ஜ் ஸ்டீவன்சனின் மகன் ராபர்ட்! இரண்டே ஆண்டில் ஸ்டீவன்சன்களின் 'ராக்கெட்' என்ஜின் பந்தயத்தில் வென்று உலகப் புகழ் பெற்றது.

1833 ஏப்ரல் 22-ந் தேதி டார்ட்போர்டு நகரில், ஒரு விடுதி அறையில் டிரெவிதிக் இறந்தார். அடக்கம் செய்யக்கூடப் பணம் இல்லை. கூட வேலை செய்த பட்டறைத் தொழிலாளர்கள் காசு சேர்த்துச் சவப்பெட்டியைத் தோளில் சுமந்தார்கள். பிணம் திருடி விற்கும் கும்பல்கள் திரிந்த காலம் அது. அதனால் இரவில் கல்லறையைக் காக்க ஆளும் போட்டார்கள். பெயர் பொறித்த கல் வைக்க மட்டும் அவர்களிடம் காசு மிஞ்சவில்லை.